பழைய உறை, புதிய பெட்டி: ரைபிள் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே டோங்காட் பக்கம் என் மைத்துனருக்குச் சிறிய கரும்புத் தோட்டம் ஒன்று இருக்கிறது. புதர்ப்பன்றிகள் கூட்டமாக இறங்கிக் கரும்பைச் சாய்த்துவிடுகின்றன. அவற்றைச் சுடவும், ஆண்டுக்கு ஒருமுறை ம்கூசே பக்கத்து வேட்டைப் பண்ணையில் இம்பாலா மான் வேட்டைக்குப் போகவும் ஒரு ரைபிள் வாங்கலாமென்று 2022இல் டர்பனில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனேன்.

நான் கேட்டது .308 வின்செஸ்டர் என்ற நடுத்தர வகைத் தோட்டாவுக்கான ரைபிள். கடைக்காரர் எடுத்து வைத்ததோ .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் என்ற பெரிய தோட்டாவைச் சுடும் பழைய ரைபிள். அலாஸ்காவில் பழுப்புக் கரடி பாய்ந்து வந்தால் அதை நிறுத்த இதைத்தான் எடுத்துப் போவார்கள், எருமைக்கும் இதுவே போதும், பன்றி எம்மாத்திரம் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. 1912இல் வந்த அந்தத் தோட்டா இன்றும் பெருவிலங்கு வேட்டைக்குப் பேர்போனது. ஆனால் ஆப்பிரிக்கா முழுவதிலும் இன்று காட்டுக்கரடி ஒன்றுகூட இல்லை என்பது அந்தச் சமயத்தில் என் புத்திக்கு எட்டவில்லை. (அலாஸ்காவிலேயே கரடித் தடுப்பு மிளகுத் தெளிப்பானைப் பயன்படுத்திய நிகழ்வுகளை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வொன்று, பழுப்புக் கரடிகளின் அத்துமீறலை அது நூற்றுக்கு 92 நிகழ்வுகளில் நிறுத்தியதாகச் சொல்கிறது. இதைப் பின்னர்தான் படித்தேன்.)

இந்த நாட்டில் பணத்தை முதலில் கட்டிவிட்டு, உரிமம் வரும்வரை துப்பாக்கியைக் கடையிலேயே விட்டு வைக்க வேண்டும். அந்த ரைபிளுக்குரிய உரிமம் இல்லாமல் அதன் தோட்டாவைக் கையில் வைத்திருப்பதும் குற்றம். ஆகவே வாங்கியதை நிதானமாகச் சுட்டுப் பார்க்க எனக்கு வாய்ப்பே இல்லை. ஏழு மாதம் கழித்து உரிமம் வந்தது. அன்று ரைபிளோடு, பெயர்பெற்ற தொழிற்சாலையின் பெட்டிகள் இரண்டில் 40 தோட்டாக்களையும் கொடுத்தார். அத்தனையும் 300 கிரெயின் (சுமார் 19 கிராம்) எடையுள்ள திடக் குண்டுகள். திடக் குண்டு விரியாது. எலும்பை உடைத்து ஆழமாக ஊடுருவுவதற்கென்றே செய்யப்பட்டது. எருமைக்கு அது பொருத்தம். பன்றியையோ மானையோ துளைத்துக்கொண்டு வெளியேறி, கரும்புக்கு அப்பால் ஆள் நிற்கும் இடம் வரைகூடப் போய்விடும். அதற்கெல்லாம் விரியும் மென்முனைக் குண்டுதான் வேண்டும் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். .308ஐப் போல ஏறக்குறைய இரு மடங்கு பின்னுதைப்பை என் தோள் தாங்குமா என்றும் கேட்டிருக்கலாம்.

பயிற்சித் திடலில் சுட்ட மூன்றும் சரியாகப் போயின. நான்காவதை ஒரு விடியற்காலையில் மைத்துனரின் தோட்டத்தில், பின்னால் மண்மேடு இருக்கும் இடமாகப் பார்த்துச் சுட்டேன். பன்றிக்குக் காயம் பட்டது, ஆனால் விழவில்லை. அடுத்த தோட்டாவுக்காகப் போல்ட்டை, அதாவது குழலின் பின்வாயை அடைக்கும் தண்டை, பின்னுக்கு இழுத்தபோது, சுட்ட தோட்டாவின் பித்தளை உறையில் அடிப்பகுதி மட்டும் கழன்று வந்தது. முன்பகுதி, குழலில் தோட்டா அமரும் அறைக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. இரண்டாவது தோட்டா உள்ளே ஏறவில்லை. பன்றி எங்களை நோக்கித் திரும்பாமல் ஓடையைத் தாண்டிப் போனது எங்கள் அதிர்ஷ்டம். காயம்பட்ட விலங்கைத் தேடி முடிக்க மைத்துனரின் பக்கத்துத் தோட்டக்காரர்தான் தம் துப்பாக்கியுடன் வந்தார்.

திடலில் தோட்டாக்களைத் தாமே நிரப்பிக்கொள்ளும் வயதான அண்ணன் ஒருவரிடம் மீதியைக் காட்டினேன். கையில் எடுத்த மாத்திரத்தில், “தம்பி, இது புதிது இல்லை, சுட்ட உறையில் மறுபடி நிரப்பியது” என்றார். ஒரே பெட்டிக்குள் உறையடி முத்திரைகள் இரண்டு விதமாக இருந்தன. சுட்ட உறையை வெளியே இழுக்கும் கொக்கியின் பழைய கீறல் விளிம்பில் தெரிந்தது. குண்டுகள் ஒரே ஆழத்தில் பதியவில்லை. இவை எல்லாம் என் கண்ணிலும் பட்டிருக்க வேண்டியவைதாம். இந்த வகைத் தோட்டா, உறையின் அடியைச் சுற்றித் தடித்திருக்கும் பட்டையில்தான் அறைக்குள் நிலைகொள்கிறது. சுடும்போதெல்லாம் பட்டைக்குச் சற்று முன்னால் பித்தளை நீண்டு மெலிகிறது. மீண்டும் மீண்டும் நிரப்பினால் ஒரு நாள் அங்கேயே பிரிந்துவிடும். ஒரு தோட்டாவின் குண்டையும் வெடிமருந்தையும் அகற்றி, நுனி வளைத்த கம்பியை உறைக்குள் விட்டுத் தடவிக் காட்டினார். பட்டைக்கு மேலே கம்பி ஒரு பள்ளத்தில் தட்டி நின்றது. வெளியே அதே இடத்தில் பளபளப்பான மெல்லிய வளையம் ஓடியது. ரைபிளின் அறையையும் அளவுகோல் வைத்துப் பார்த்தோம். அதில் குறை இல்லை.

கடைக்காரர் முதலில், வாங்கி ஆறு மாதம் கடந்துவிட்டது, இனி எதையும் திரும்ப எடுக்க முடியாது என்றார். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்த ஆறு மாதத்தைப் பொருள் கைக்கு வந்த நாளிலிருந்தே எண்ணுகிறது. இதை எழுத்தில் அனுப்பிய பிறகு, 40 தோட்டாக்களையும் கொண்டுவந்தால் பணம் தருவதாகப் பதில் வந்தது. நான்கு சுட்டாயிற்று, ஒன்று பிரித்தாயிற்று. மீதி 35ஐயும் சாட்சியாக வைத்துக்கொண்டு, படங்களை மட்டும் அனுப்பினேன். மூன்று வாரத்தில் தோட்டாக்களின் விலை திரும்பி வந்தது. ரைபிளுக்கு ஒரு ரேண்ட் கூட வரவில்லை. அது இப்போது வேறொரு கடையில் விற்பனைக்கு இருக்கிறது, அறையை அளந்த விவரச் சீட்டுடன். நான் இம்முறை .308க்கு விண்ணப்பம் போட்டுவிட்டு மறுபடியும் உரிமத்துக்குக் காத்திருக்கிறேன்.