சொந்தமாகச் செய்த கிட்டார் பெடலில் இரைச்சல்: பேட்டரியா, அடாப்டரா, டிரான்ஸ்ஃபார்மரா?

கிட்டாருக்கும் ஆம்புக்கும் (ஒலிபெருக்கிக்கும்) இடையே வைத்து ஒலியை மாற்றும் சிறு பெட்டிதான் பெடல். வீட்டில் நாமே பற்றவைத்துச் செய்த பெடல் இரைந்தால், அடாப்டரை மாற்றச் சொல்பவர் உண்டு, ஐ.சி.யை (ஒலியைப் பெருக்கும் சில்லை) மாற்றச் சொல்பவர் உண்டு. உலோகப் பெட்டிக்குள் போடச் சொல்பவரும் நாய்ஸ் கேட் (ஒலி தாழும்போது பாதையை மூடும் கருவி) வாங்கச் சொல்பவரும் உண்டு. இவை வெவ்வேறு இரைச்சல்களுக்கான வைத்தியங்கள் என்பதால், எதற்குச் செலவழிப்பது என்று ஒப்பிடும் முன் காதில் விழுவது எது என்று பிரித்தறிய வேண்டும். தாழ்ந்த 50 ஹெர்ட்ஸ் உறுமல், கிட்டாரின் பிக்கப்போ (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் சுருள்) பெடலுக்குள் திறந்து கிடக்கும் கம்பியோ வீட்டு மின்சாரத்தைப் பிடிப்பதால் வருவது. அதைவிடச் சற்றே கரகரப்பான 100 ஹெர்ட்ஸ் உறுமல், ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் இடத்தில் வடிகட்டல் போதவில்லை என்பதைக் காட்டுவது. மெல்லிய விசில் ஏதோ ஓர் ஆஸிலேட்டரிலிருந்தும் (தானே அதிரும் சர்க்யூட்), சீரான சீறல் மின்தடைகளிலிருந்தும் ஐ.சி.யிலிருந்தும் பிறக்கின்றன.

இவற்றைப் பிரிக்க இரண்டு சோதனைகள் போதும். பெடலைப் புதிய 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டிக் கேட்பது முதலாவது. கிட்டாரைக் கழற்றிவிட்டு, முனையும் உடலும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட வெற்று பிளக்கை இன்புட்டில் செருகிக் கேட்பது இரண்டாவது. பேட்டரியில் உறுமல் நின்றுவிட்டால் குற்றம் மின்வழங்கியில் இருக்கிறது. வெற்று பிளக்கில் நின்றுவிட்டால் குற்றம் கிட்டாரிலோ கேபிளிலோ இருக்கிறது. பெடலை எத்தனை முறை பிரித்தாலும் அது தீராது. இரண்டிலும் நிற்காதபோது மட்டுமே போர்டையும் பெட்டியையும் சந்தேகிக்க வேண்டும்.

பேட்டரியைச் சோதனைக் கருவியாக வைத்துக்கொள்வதோடு நிறுத்தாமல், நிரந்தர மின்வழங்கியாகவே கொள்ளலாமா என்றால், அது பெடலைப் பொறுத்தது. சுவர் மின்சாரத்தோடு அதற்குத் தொடர்பே இல்லை. ஏறத்தாழ 500 மில்லிஆம்பியர்-மணி கொள்ளும் ஆல்கலைன் பேட்டரி, 5 மில்லிஆம்பியர் எடுக்கும் ஓவர்டிரைவ் (ஒலியைக் கரகரப்பாக்கும்) பெடலை 100 மணி நேரம் வரை ஓட்டும். 30 மில்லிஆம்பியர் எடுக்கும் பி.டி.2399 ஐ.சி. கொண்ட டிலே (எதிரொலி) பெடலைப் பதினைந்து மணி நேரத்துக்குமேல் தாங்குவது அரிது. தேய்ந்த பேட்டரியின் உள்தடை உயரும்போது சில பெடல்கள் படகு மோட்டார் போல 'புட் புட்' என்று துடிக்கத் தொடங்கும். மின்வழிக்கும் கிரவுண்டுக்கும் (சர்க்யூட்டின் பொதுவான சைபர் வோல்ட் முனை) இடையே 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தால் அது பெரும்பாலும் அடங்கும். ஃபஸ் (இன்னும் முரட்டுக் கரகரப்பு தருவது), ஓவர்டிரைவ் ஆகியவற்றுக்குப் பேட்டரியே எனக்கு முதல் தேர்வு.

எல்லார் வீட்டிலும் சும்மா கிடக்கும் இன்டர்நெட் ரவுட்டரின் 9 வோல்ட் அடாப்டரைப் பலர் முதலில் எடுக்கிறார்கள். அதன் பிளக்கில் நடுமுனை பெரும்பாலும் பாசிட்டிவ். கிட்டார் பெடல்களின் வழக்கமோ நடுமுனை நெகட்டிவ். மீட்டரால் சோதிக்காமல் செருகினால், பாதுகாப்பு டையோடு இல்லாத பெடல் அத்துடன் முடிந்துவிடும். முனை சரியாக இருந்தாலும் வேறு இரண்டு சிக்கல்கள் உள்ளன. முதலாவது, 1 அல்லது 2 ஆம்பியருக்காக வடிவமைக்கப்பட்ட ஸ்விட்சிங் அடாப்டரிடம் வெறும் 5 மில்லிஆம்பியர் கேட்டால், அது தொடர்ந்து இயங்காமல் விட்டுவிட்டு இயங்கும் நிலைக்குப் போகக்கூடும். செவிக்கு எட்டாத உயரத்தில் இருந்த அதன் அதிர்வு அப்போது காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் இறங்கி விசிலாகிறது. இரண்டாவது, இரண்டு பின் அடாப்டர்களில் பலவற்றுக்குள் மின்வாரியப் பக்கத்தையும் வெளியீட்டுப் பக்கத்தையும் இணைக்கும் ஒரு சிறு கெப்பாசிட்டர் உண்டு. அதன் வழியே கசியும் நுண்ணிய மின்னோட்டம் கேபிளின் ஷீல்டு (வெளிக் கவசப் பின்னல்) வழியாக ஆம்பின் எர்த்தை நோக்கி ஓடும்போது உறுமல் எழுகிறது.

இந்த உறுமலை நிறுத்த ஆம்பின் எர்த் பின்னைப் பிடுங்கிவிடும் பழக்கம் மேடைகளில் இருக்கிறது. இதைச் செய்யவே கூடாது. ஆம்பில் பழுது ஏற்பட்டால் கிட்டாரின் கம்பிகளில் 230 வோல்ட் நிற்கும். வாசிப்பவர் மைக்கைத் தொட்டுப் பாடினால் அது உயிரைப் பறிக்கும். பழைய வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருந்தும் அதன் எர்த் முனை எங்கும் இணைக்கப்படாமல் இருப்பதுண்டு என்பதால், ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சரிபார்ப்பது எந்த பெடல் வேலைக்கும் முன்னால் செய்ய வேண்டியது.

டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ் (ஏ.சி.யை டி.சி.யாக்கும் நான்கு டையோடுகள்), 2200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 7809 ரெகுலேட்டர் (9 வோல்ட்டை நிலைநிறுத்துவது) என்னும் பழைய முறையை நான் அடாப்டருக்கு மேலாக வைக்கிறேன். இதில் விசில் எழ வழியே இல்லை, கசிவும் மிகக் குறைவு. நாகர்கோவில் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் பொருள்கள்தாம் இவை. ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதைச் செய்பவர் ஒன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். இரு பருவமழைகளும் பெய்யும் மாவட்டம் இது. மின்சாரம் போய் இன்வெர்ட்டர் ஓடும் மாலைகள் குறைவில்லை. சுவர் மின்சாரத்தின் 230 வோல்ட் சைன் அலையின் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட். சில இன்வெர்ட்டர்கள் தரும் அதே 230 வோல்ட் சதுர அலையின் உச்சம் 230 வோல்ட்தான். ஆகவே 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் சுவர் மின்சாரத்தில் பிரிட்ஜுக்குப் பின் 15.5 வோல்ட் தருமானால், சதுர அலை இன்வெர்ட்டரில் 10.6 வோல்ட் அளவில்தான் தரும். 7809 ஒழுங்காக வேலை செய்ய ஏறத்தாழ 11 வோல்ட் வேண்டும் என்பதால், மின்சாரம் போன கணத்திலிருந்து உறுமல் அப்படியே பெடலுக்குள் நுழையும். 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் இதைத் தீர்க்கும். அதில் 100 மில்லிஆம்பியர் எடுக்கும்போது ரெகுலேட்டரில் ஒரு வாட்டுக்குச் சற்று மேல் வெப்பம் எழுவதால் சிறு ஹீட் சிங்க் தேவை. சைன் அலை இன்வெர்ட்டர் உள்ளவர்களுக்கு 12 வோல்ட்டே போதும். 230 வோல்ட் பக்கத்தில் ஃபியூஸும், எர்த் செய்யப்பட்ட உலோகப் பெட்டியும் கட்டாயம்; மின்வேலை பழகாதவர் இதைத் தனியே தொட வேண்டாம்.

பவர் பேங்க்கிலிருந்து 9 வோல்ட் எடுக்கும் கேபிள், கிறிஸ்துமஸ் பவனியிலும் ஜெனரேட்டர் ஓடும் திருவிழா மேடையிலும் கைகொடுக்கும். சுவர்த் தொடர்பு இல்லாவிட்டாலும், உள்ளேயுள்ள மாற்றி தன் பங்குக்கு விசிலடிக்கலாம். மேலும் மிகக் குறைந்த மின்னோட்டத்தில் பல பவர் பேங்க்குகள் தாமே அணைந்துவிடும்.

எந்த மின்வழங்கியானாலும், பெடலுக்குள் நுழையுமிடத்தில் மின்வழியில் 100 ஓம் மின்தடையும், அதன் பின் கிரவுண்டுக்கு 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வைத்தால் 100 ஹெர்ட்ஸ் உறுமல் ஆறில் ஒரு பங்காகும். 470 மைக்ரோஃபாரட் வைத்தால் முப்பதில் ஒரு பங்காகும். சில ரூபாய்க்குள் இதைவிடப் பயனுள்ள வேலை வேறில்லை. 5 மில்லிஆம்பியர் பெடலில் இதனால் அரை வோல்ட்தான் இழப்பு. 30 மில்லிஆம்பியர் டிலேயில் 3 வோல்ட் போய்விடும் என்பதால், அங்கே 10 ஓமும் பெரிய கெப்பாசிட்டரும் கொள்ள வேண்டும்.

பல பெடல்களை ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலிக் கேபிளால் ஓட்டுவதா, தனித்தனி வெளியீடு உள்ள மின்வழங்கி வாங்குவதா என்பது அடுத்த கேள்வி. எல்லாம் அனலாக் பெடல்கள் என்றால் சங்கிலியே போதும். ஒரு டிஜிட்டல் டிலே சேர்ந்தவுடன் அதன் கிளாக் (உள்ளேயுள்ள துடிப்புச் சர்க்யூட்) இரைச்சல் பொதுவான கிரவுண்டு வழியாக டிஸ்டார்ஷன் பெடலுக்குள் புகுந்து பெரிதாகிறது. அப்போது டிலேயை மட்டும் வேறு மின்வழங்கியில் ஓட்டினாலே பெரும்பாலும் போதும். விலையுயர்ந்த பெட்டிக்கு அவசரமில்லை. பாசிட்டிவ் முனையையே கிரவுண்டாகக் கொண்ட ஜெர்மானியம் ஃபஸ் பெடலை மட்டும் சங்கிலியில் சேர்க்கவே கூடாது. மின்வழங்கி ஷார்ட் ஆகிவிடும்.

பெட்டியைப் பொறுத்தவரை, வார்ப்பு அலுமினியப் பெட்டிக்கும் உள்ளே அலுமினியத் தாள் ஒட்டிய பிளாஸ்டிக் பெட்டிக்கும் ஷீல்டு வேலையில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் அந்தத் தாளில் பற்றாசு ஒட்டாது, கிரவுண்டு இணைப்பு நாளடைவில் தளரும்; செம்பு டேப் ஒட்டினால் பற்றவைக்கலாம். எவர்சில்வர் டப்பாவும் நல்ல ஷீல்டுதான், துளையிடுவதுதான் பாடு. வண்ணம் பூசிய பெட்டியானால் ஜாக் அமரும் இடத்தில் வண்ணத்தைச் சுரண்டிவிட வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தை இந்தப் பெட்டிகளில் எதுவும் தடுக்காது. தள்ளி வைப்பதே அதற்கு மருந்து. உள்ளே எல்லாக் கம்பியையும் ஷீல்டு வயராக்குவதைவிட, இன்புட் கம்பியை மட்டும் ஷீல்டு வயராக்கி, அதன் பின்னலை ஒரே முனையில் கிரவுண்டு செய்து, அவுட்புட் கம்பியிலிருந்து விலக்கி வைப்பது மேல். கெயினை (ஒலிப் பெருக்கத்தை) கூட்டும்போது கீச்சிடும் பெடல்களில் பெரும்பாலானவை இதிலேயே அடங்கும்.

ஐ.சி. மாற்றுவதைக் கடைசியில் வைக்கலாம். தரவுத்தாளில் என்.இ.5532 என்னும் ஐ.சி. வோல்டேஜ் இரைச்சலில் டி.எல்.072 என்னும் ஐ.சி.யை வெல்கிறது, ஆனால் அதன் மின்னோட்ட இரைச்சல் அதிகம் என்பதால், உயர் இம்பிடன்ஸ் (மின்மறுப்பு) கொண்ட கிட்டார் பிக்கப்பை நேரடியாக வாங்கும் முதல் கட்டத்தில் டி.எல்.072 அமைதியாக இருக்கும். வழியில் உள்ள பெரிய மின்தடைகளைக் குறைப்பது ஐ.சி. மாற்றுவதைவிடச் சீறலை நன்றாகக் குறைக்கும். நாய்ஸ் கேட், வாசிக்காத நேரத்தில் மட்டுமே வாயை மூடுகிறது. ஸ்வரம் ஒலிக்கும்போது உறுமலும் கூடவே ஒலிக்கும்.

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் இவற்றோடு உப்புக்காற்றும் சேர்கிறது. கேபிளை அசைக்கும்போது மட்டும் கரகரத்தால் அது பெரும்பாலும் ஜாக்கின் முனை களிம்பேறியதால் வருவது. மூடிய பிளாஸ்டிக் ஜாக்கில் காற்று குறைவாகப் புகும். ஆனால் தளர்ந்த தகட்டை வளைத்து இறுக்க முடியாது. திறந்த வகை ஜாக்கில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்கவும் தகட்டை வளைக்கவும் முடியும் என்பதால், கடலோரத்தில் அதையே பரிந்துரைப்பேன். குமிழைத் திருப்பும்போது வரும் கரகரப்பு இதனோடு சேர்ந்ததல்ல. துடைத்தும் அது நிற்காவிட்டால், குமிழுக்கு முன்னுள்ள கெப்பாசிட்டர் டி.சி.யைக் கசியவிடுகிறதா என்று மீட்டரால் பார்த்து அதை மாற்ற வேண்டும்.