கரியும் சாக்பீஸும்: குறுங்கோளை அளக்க எது நல்ல வழி?

காட்பாடியில் என் மேசைமேல் ஓர் அடுப்புக்கரித் துண்டையும் ஒரு சாக்பீஸையும் வைத்து, பக்கவாட்டில் விளக்கைப் பிடித்து, ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலராய்டு கண்ணாடியைச் சுழற்றியபடி பார்த்தேன். கரி மங்கித் தெளிந்தது. சாக்பீஸ் அசைந்து கொடுக்கவில்லை. வெண்பரப்பில் ஒளி துகளுக்குத் துகள் மோதி, அதிர்வுத் திசை கலைந்து வெளிவருகிறது. கரியில் பெரும்பாலும் ஒரே மோதலோடு திரும்புகிறது. அதனால் இருண்ட பரப்பின் ஒளியில் அதிர்வு ஒரே திசையில் கூடுதலாக ஒழுங்குபடும். 1905-ல் ரஷ்ய இயற்பியலாளர் உமோவ் சொன்ன விதி இது.

சூரியனைச் சுற்றும் சிறு பாறைகளான குறுங்கோள்களின் ஆய்வில் இதற்கு என்ன வேலை? அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துக் காவலூர் வானாய்வகத்தில் 1988-ல் கண்டுபிடிக்கப்பட்ட ராமானுஜன் குறுங்கோளையே எடுத்துக்கொள்வோம். தொலைநோக்கியில் அது ஒரு புள்ளி. சிறிய வெள்ளைக் கல்லும் பெரிய கருங்கல்லும் ஒரே அளவு பிரகாசம் காட்டும். எதிரொளிப்புத்திறன், அதாவது விழும் ஒளியில் திருப்பி அனுப்பும் பங்கு, 0.04-ஆ 0.4-ஆ என்று தெரியாவிட்டால் விட்டக் கணக்கு மூன்று மடங்குக்கு மேல் தப்பும்.

அதைத் தீர்க்க முதல் வழி வெப்பம். கல் உமிழும் அகச்சிவப்பை அளந்து விட்டத்தைக் கணக்கிடுவது. வைஸ் விண்கலம் 2010 முதல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கற்களை இப்படி அளந்தது. மொத்த வியாபாரத்துக்கு இதற்கு ஈடில்லை. ஆனால் தரையிலிருந்து, அதுவும் 725 மீட்டர் உயரமே உள்ள காவலூரிலிருந்து, முயன்றால் காற்றின் நீராவியும் தொலைநோக்கியின் சொந்தச் சூடும் அதே அலைநீளத்தில் ஒளிர்ந்து கெடுக்கும். வேலூர் வெயிலைச் சொல்லவே வேண்டாம்.

இரண்டாவது வழி தளவிளைவு. மேசையில் பார்த்ததுபோல ஒளியின் அதிர்வு எந்த அளவு ஒரே திசையில் ஒழுங்குபட்டிருக்கிறது என்று அளப்பது. ஒளியை அதிர்வுத் திசைப்படி இரு கதிர்களாகப் பிரித்து, இரண்டையும் ஒரே நேரத்தில் ஒப்பிடுவதால் மெல்லிய மேகம் குறுக்கே வந்தாலும் விகிதம் பெரும்பாலும் பிழைக்கும். இதுதான் எனக்குப் பிடித்த குணம். செலவு வேறு இடத்தில் வருகிறது: 0.1 சதவீதத் துல்லியத்துக்குப் பத்து லட்சம் ஒளித்துகள்களாவது வேண்டும். மங்கலான கல்லென்றால் இரவு முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொன்று, ஓர் இரவு போதாது. சூரியனும் பூமியும் கல்லிடம் அமைக்கும் கோணம் சுமார் 20 பாகைக்குக் கீழே இருந்தால் அதிர்வுத் திசை 90 பாகை திரும்பிவிடும். கோணத்துக்கு ஏற்பத் தளவிளைவு மாறுவதை வளைவாக வரைந்தால், அந்தத் திருப்பத்தைக் கடக்கும்போது அது எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறதோ, அவ்வளவு இருண்ட கல். வளைவை வரைய வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் பின்தொடர வேண்டும். ஜவ்வாது மலையில் தென்மேற்கும் வடகிழக்குமாக மாறி மாறி மழை பிடித்தால் அந்தப் பருவத்தின் வளைவு பாதியில் நிற்கும்.

மூன்றாவது வழியும் உண்டு: குறுங்கோள் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் நேரத்தைக் கொண்டு அளவிடும் நட்சத்திர மறைப்பு. அது மிகத் துல்லியமானது. நிழல் நம் ஊர் வழியாகப் போக வேண்டும், அவ்வளவுதான்.

நான் தளவிளைவின் பக்கம். பார்பரா என்ற குறுங்கோளுக்குத் திருப்பம் 20-ல் வராமல் ஏறத்தாழ 30 பாகையில் வருவதை 2006-ல் கண்டார்கள். அந்த விசித்திரம் வெப்பக் கணக்கில் தலைகாட்டியிருக்காது.