பக்கவாதத்திற்குப் பின் அக்குபங்சர்: மன்னார்குடிப் பயணத்தில் கண்டவை

சிங்கப்பூரிலிருந்து திருச்சியில் வந்திறங்கி, தஞ்சாவூர், வடுவூர் வழியாக மன்னார்குடிக்கு அருகிலுள்ள எங்கள் ஊரை அடைந்தபோது, சம்பா அறுவடை முடிந்த வயல்களில் உளுந்து காய்த்திருந்தது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதமாகியிருந்தது. மூளையின் இடப்பக்க ரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டதால் வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் குழறியது. உறக்கத்திலேயே வந்ததால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டாக வேண்டிய நாலரை மணி நேரம் எப்போது தொடங்கியது என்பதே யாருக்கும் தெரியவில்லை.

உறவினர் சொன்னதை நம்பி, முதலில் பக்கத்து ஊரில், ஊசியில்லாமல் விரலால் தொட்டே அக்குபங்சர் செய்யும் ஒரு தொடு சிகிச்சை மையத்திற்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்தவர் நாடி பார்த்து, ஒரே புள்ளியை விரலால் தொட்டுவிட்டு, ரத்த அழுத்த மாத்திரையையும் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையையும் அன்றே நிறுத்தச் சொன்னார். ஒருமுறை பக்கவாதம் வந்தவருக்கு அந்த மாத்திரைகளே இரண்டாவது தாக்குதலைத் தடுக்கும் அரண் என்பதால், நான் அப்பாவை அங்கிருந்து உடனே அழைத்து வந்துவிட்டேன். எத்தனை குடும்பங்கள் அந்தச் சொல்லை ஏற்று மாத்திரையைக் கைவிட்டிருக்கும் என்று எண்ணும்போது இன்றும் மனம் பதறுகிறது.

அரசு மருத்துவமனையின் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவில் கண்டது முற்றிலும் வேறு. அந்த மருத்துவர் முதலில் மாத்திரைச் சீட்டை வாங்கி, ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து இருப்பதைக் குறித்துக்கொண்டு, எதையும் நிறுத்தக் கூடாது என்று சொன்ன பிறகே உறை பிரிக்காத மெல்லிய அக்குபங்சர் ஊசிகளை எடுத்தார். தலையிலும் முன்கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் ஊசிகளைச் செருகி, சிலவற்றில் மிக மெல்லிய மின்னோட்டம் கொடுத்து, அரை மணி நேரம் படுக்க வைத்தார்.

இறந்த மூளைச் செல் திரும்பாது. ஆனால் சுற்றியுள்ள பகுதிகள் புதிய இணைப்புகளை உண்டாக்கி இழந்த வேலையில் ஒரு பங்கை ஏற்க முடியும். நரம்புகளைத் தூண்டும் ஊசி அதற்குத் துணைசெய்யலாம் என்பதே இதன் அடிப்படை. மூளையின் நடுத் தமனியை அடைத்த எலிகளுக்கு மின் அக்குபங்சர் செய்தபோது ரத்த ஓட்டமும் நரம்பு வளர்ச்சிப் புரதங்களும் கூடியதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. சீனாவின் தியான்ஜினில் அக்குபங்சர் மருத்துவர் ஷி சுயேமின் 1972இல் பக்கவாதத்திற்கென்றே தனி ஊசி முறையை வகுத்தார். மனிதர்களிடம் சான்று இன்னும் உறுதியாகவில்லை: மருத்துவச் சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2016ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, 2,257 பேர் பங்கேற்ற 31 சோதனைகளைத் திரட்டி, அன்றாட வேலைகளைத் தாமே செய்வதில் சிறிது பயன் இருக்கலாம் என்றும், சோதனைகளின் தரம் குறைவென்பதால் முடிவாகச் சொல்ல இயலாதென்றும் கூறியது. மருத்துவரும் இதையே மறைக்காமல் சொன்னார்; அவர்மேல் எனக்கு மதிப்பு வந்தது அப்போதுதான்.

ஊசி எடுத்தவுடன் அப்பாவை இயன்முறைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கை தளர்ந்திருக்கும் அந்த நேரத்தில் விரல்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்றார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த இயன்முறை மருத்துவர், தாம்பாளத்தில் உளுந்தைப் பரப்பி, ஒவ்வொன்றாகப் பொறுக்கி உழக்கில் போடச் சொன்னார். ஆயுள் முழுக்க உளுந்து விதைத்த கை என்பதால், ரப்பர் பந்தைத் தொடவும் மறுத்த அப்பா இதற்கு முகம் சுளிக்கவில்லை.

குறையும் உண்டு. மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்; ஆனால் வாரம் மூன்று நாள் ஆட்டோ பிடித்து, உடன் ஒருவர் வேலையை விட்டுப் போக வேண்டும். வாசலில் சக்கர நாற்காலிக்காகக் காத்திருந்த நேரம், ஊசியோடு படுத்திருந்த நேரத்தைவிட அதிகம்.

நான் கிளம்பிய நாளில் அப்பா பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பதினேழு உளுந்து எடுத்தார். அது ஊசியாலா, பயிற்சியாலா, முதல் மாதங்களில் உடல் தானாகத் தேறுவதாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. மாத்திரைப் பெட்டியில் காலை, இரவு என்று எழுதி அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.