செப்புத்தகட்டுப் பல்லியா, கல்லச்சுப் பாம்பா?

ஊர்வனவற்றின் பழைய படங்களை வாங்க நினைப்பவர் முன்னால் பெரும்பாலும் இரண்டு வகைகள் வந்து நிற்கும். செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டுக் கையால் வண்ணம் தீட்டியவை ஒருவகை. வண்ணத்துக்கு ஒரு கல்லாக வைத்து அச்சிட்ட வண்ணக் கல்லச்சுகள் மற்றொருவகை. பட்ரிக் ரசல் 1796ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்தியப் பாம்புகள் பற்றிய நூலின் படங்கள் முதல் வகையைச் சேர்ந்தவை. கண்ணாடி விரியனின் அறிவியற் பெயரில் இருப்பவர் இந்த ரசல்தான். ஜோசப் ஃபேரரின் 1872ஆம் ஆண்டு நூலுக்காகக் கல்கத்தா ஓவியப் பள்ளி மாணவர்கள் வரைந்த நச்சுப்பாம்புப் படங்கள் இரண்டாம் வகை. அவற்றின் விலை எனக்கு எட்டாது. ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கியவை எளியவை: செப்புத்தகட்டில் அச்சான பச்சைப் பல்லி ஒன்றும், ஜேர்மன் கலைக்களஞ்சியத்திலிருந்து பிரித்தெடுத்த இருபக்கப் பாம்புப் படம் ஒன்றும்.

அழகு அவரவர் கண்ணைப் பொறுத்தது. விலையில் கலைக்களஞ்சியப் படமே மலிவு. எனக்கு முடிவைத் தீர்மானித்தது தாள்தான்.

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்காற்று நேராக வீசும் என் வீட்டில், ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேலேயே இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டுத் தாள் பருத்தி, லினன் கந்தல்களிலிருந்து செய்யப்பட்டது. என் பல்லிப் படத்தின் ஓரத்தை இன்றும் மெல்ல வளைத்தால் துணிபோல் வளைந்து திரும்புகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவலான மரக்கூழ்த் தாளிலோ அமிலம் உள்ளேயே இருக்கிறது. வெப்பமும் ஈரமும் அதன் வேலையை விரைவுபடுத்துகின்றன. என் பாம்புப் படம் நடுமடிப்பில் விரல்நீளத்துக்கு வெடித்துவிட்டது. சட்டம் போட்டுத் தந்த கடையில் தாளைக் கண்ணாடியோடு ஒட்ட வைத்து, பின்னால் சாதாரண மரத்தூள் அட்டையைச் செருகியதும் சேதத்தைக் கூட்டியது. படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே அமிலமற்ற அட்டைச் சட்டம் ஒன்று கட்டாயம் வேண்டும்.

ஆனால் வண்ணம் என்று வரும்போது கல்லச்சு முந்துகிறது. அதன் எண்ணெய் மை ஈரத்துக்கு எளிதில் அசையாது. கைவண்ணத்தைப் பிடித்து வைத்திருப்பது கருவேலம் பிசின் போன்ற நீரில் கரையும் பசை. பூஞ்சைக்கும் இராமபாணப் பூச்சிக்கும் அது விருந்து. ஊர்வனப் படங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு: அக்காலத்துப் பச்சைகளில் பல செம்பிலிருந்து செய்யப்பட்டவை, செம்பு தாளை மெல்ல அரிக்கும். என் படத்தைத் திருப்பினால், வெறுமையான பின்பக்கத்தில் பல்லியின் முதுகும் வாலும் பழுப்பு நிழலாகத் தெரிகின்றன. வாங்கும்போதே அது இருந்தது; ஆறு ஆண்டுகளில் கருமை கூடியதாக எனக்குத் தோன்றவில்லை. ஆயினும் ஒரே படத்தைப் பார்த்துப் பொதுவிதி சொல்ல நான் துணியமாட்டேன்.

இருந்தும் என் தெரிவு செப்புத்தகட்டுப் படம்தான். வண்ணத்தை ஒளியிலிருந்தும் ஈரத்திலிருந்தும் காக்க வழியிருக்கிறது. உள்ளிருந்தே நொறுங்கும் தாளை வீட்டில் வைத்துக் காப்பது மிகக் கடினம். கடலைப் பார்க்கும் சுவரை விட்டு உள்நடையில் அதை மாட்டியிருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் இறக்கி, பின்பலகையைத் திறந்து, அந்தப் பழுப்பு நிழலைச் சென்ற ஆண்டின் ஒளிப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.