சோலார் வேலைக்கு எது சரி: எலக்ட்ரீசியனா, சோலார் டெக்னீசியனா, சூர்யமித்ராவா?

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை சோலார் பக்கம் அனுப்பலாமா என்று யோசிக்கும் வீடுகளில் மூன்று பெயர்கள் அடிபடுகின்றன: ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியன், ஐ.டி.ஐ. சோலார் டெக்னீசியன், சூர்யமித்ரா. 2024 பிப்ரவரியில் வீட்டுக் கூரை சோலாருக்கான மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டம் வந்து, 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம் என்றானதும் ஆள் தேவை கூடியது. 'மூன்றே மாதத்தில் சோலார் வேலை' என்ற விளம்பரங்களும் கூடவே பெருகின.

முதலில் சூர்யமித்ரா. தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் 2015-இல் தொடங்கிய 600 மணி நேரப் பயிற்சி இது. கிட்டத்தட்ட 3 மாதம். கட்டணம் கிடையாது, தங்கிப் படிக்கலாம். விளம்பரங்கள் சொல்லாமல் விடுவது இதன் தகுதி: பத்தாம் வகுப்போடு எலக்ட்ரீசியன், ஒயர்மேன், ஃபிட்டர் மாதிரி ஒரு ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ வேண்டும். அதாவது ஏற்கெனவே கைவேலை தெரிந்தவருக்கான மேற்பயிற்சி. இதே பாணியில் நேரடியாகப் பத்தாம் வகுப்பு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பணம் வாங்கும் தனியார் வகுப்புகள் வேறு சரக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஆகவே உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையேதான். எலக்ட்ரீசியன் 2 ஆண்டு, சோலார் டெக்னீசியன் 1 ஆண்டு. இப்போதைய பாடத்திட்டத்தில் ஓர் ஆண்டுக்கு 1200 மணி நேரம். அதில் 840 மணி செய்முறை. அரசு ஐ.டி.ஐ. என்றால் இரண்டுக்கும் சலுகை ஒன்றே: மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, புத்தகம், சீருடை, பஸ் பாஸ். அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் தனி. செலவை வைத்து முடிவெடுக்க எதுவும் இல்லை. வேலையை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மொட்டை மாடியில் 540 வாட் பேனல் 6 போட்டால் 3.24 கிலோவாட். சுமார் 300 சதுர அடி போதும். நல்ல வெயிலில் நாளுக்கு 12 யூனிட் அளவில் வரும். இதில் ஸ்டாண்டு நிறுத்துவது, தெற்கு பார்த்து 10 டிகிரியை ஒட்டிச் சாய்வு வைப்பது, கிளாம்ப் முடுக்குவது எல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். பிரச்சினை வருவது டி.சி. பக்கம், அதாவது பேனலிலிருந்து இன்வெர்ட்டர் வரை. அங்கே ஓடுவது நேர்மின்சாரம் (டி.சி.). அதை வீட்டுக்கான மாறுமின்சாரமாக (ஏ.சி.) மாற்றுவது இன்வெர்ட்டர். மலிவான கிளாம்ப் மீட்டர் ஏ.சி. மின்னோட்டத்தை மட்டுமே காட்டும். அதை டி.சி. ஒயரில் மாட்டினால் திரையில் பூஜ்ஜியம். 'கரண்ட் இல்லை' என்று நம்பி, ஓட்டத்தில் இருக்கும் எம்சி4 கனெக்டரை (பேனல் ஒயர்களை இணைக்கும் பிளக்) பிடுங்கினால் 300 வோல்ட்டில் தீப்பொறி நீளும். ஏ.சி. நொடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொடுவதால் பொறி தானே அணைய வாய்ப்பு உண்டு, டி.சி.யில் அந்த இடைவெளியே இல்லை. அதனால்தான் டி.சி. லைனில் சாதாரண ஏ.சி. எம்.சி.பி. (கோளாறு வந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) போடக் கூடாது. அதே எம்சி4-ஐ ஒயரோடு அழுத்திப் பொருத்துவதற்கான கிரிம்பிங் டூல் இல்லாமல் கட்டிங் பிளேயரால் நசுக்கினால், அன்றைக்கு வேலை செய்யும். சில மாதத்தில் தொடர்பு தளர்ந்து, சூடேறி, பிளாஸ்டிக் உருகும்.

இந்த விஷயத்தில் சோலார் டெக்னீசியன் படிப்புக்குத்தான் மதிப்பெண். ஸ்ட்ரிங் கணக்கு, அதாவது எத்தனை பேனலைத் தொடராகக் கோக்கலாம் என்ற கணக்கு, அங்கே ஆழமாக வரும். பேனல் ஒன்றுக்குத் திறந்த சுற்று மின்னழுத்தம் (எதையும் இணைக்காதபோது வருவது) 49.5 வோல்ட் என்றால் 20 பேனலுக்கு 990. ராமநாதபுரத்தில் இது 1000 வோல்ட் இன்வெர்ட்டருக்குள் அடங்கும். ஊட்டியில் வெப்பநிலை 5 டிகிரிக்கு இறங்கும் காலையில், பேனலை அளந்த 25 டிகிரியிலிருந்து குறையும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.27 சதவீதம் கூடி 1043 ஆகும், இன்வெர்ட்டர் போயிற்று. எலக்ட்ரீசியன் பாடத்திலும் சோலார் உண்டு, ஆனால் விளக்கு எரியவைக்கும் பயிற்சியோடு பெரும்பாலும் நின்றுவிடும்.

ஆனால் இன்வெர்ட்டருக்கு அந்தப் பக்கம் எல்லாம் எலக்ட்ரீசியன் வேலை. மும்முனை இணைப்பு, எர்த், நியூட்ரல் கோளாறு, மெகர் கருவியால் ஒயரில் மின்கசிவு உண்டா என்று பார்க்கும் காப்புச் சோதனை, மெயின் போர்டு. 'இன்வெர்ட்டர் மதியம் ஆனால் நின்றுவிடுகிறது' என்ற புகாரில் பேனலைக் குறை சொல்வார்கள். அளந்து பார்த்தால் லைன் கடைசியில் இருக்கும் வீட்டில் மின்னழுத்தம் 260-ஐத் தாண்டியிருக்கும், அல்லது இன்வெர்ட்டரிலிருந்து போர்டு வரை மெல்லிய ஒயர் ஓடியிருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஏ.சி. தெரிய வேண்டும். சோலார் சந்தை மந்தமானாலும் மோட்டார், வீட்டு ஒயரிங், தொழிற்சாலை பராமரிப்பு என்று எலக்ட்ரீசியனுக்குப் போக்கிடம் உண்டு. மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் கம்பியாள் (ஒயர்மேன்) தகுதிச் சான்றிதழுக்கும் இதுவே நேர்வழி. அதனால் எங்கள் தேர்வு எலக்ட்ரீசியன், அதன் மேல் சூர்யமித்ரா. 2 ஆண்டு காத்திருக்க வீட்டுச் சூழல் இடம் தராதவர்களுக்கு மட்டும் சோலார் டெக்னீசியன். அதை முடித்ததும் அப்ரண்டிஸ் பயிற்சியை விடக் கூடாது.

டிஜிட்டல் பகுதியை எந்தப் படிப்பும் போதிய அளவு தருவதில்லை என்பதுதான் குறை. வீட்டு இன்வெர்ட்டரின் வைஃபை டாங்கிள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பிடிக்கும். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் இருந்தால், மின் உற்பத்தியைக் காட்டும் ஆப்பில் எதுவும் வராது. வீட்டுக்காரர் பாஸ்வேர்டு மாற்றினாலும் அதே கதை. பெரிய கூரைகளில் பல இன்வெர்ட்டர்களை ஆர்.எஸ்.485 என்ற தகவல் லைனில் கோக்கும்போது ஏ, பி ஒயர் மாறினாலோ, இரண்டு இன்வெர்ட்டருக்கு ஒரே மாட்பஸ் முகவரி (அந்த லைனில் ஒவ்வொன்றையும் அடையாளம் காட்டும் எண்) கொடுத்தாலோ தகவல் வராது. இந்தப் பக்கம் ஆர்வமுள்ளவர்கள், டாடா டெக்னாலஜிஸ் கூட்டில் தொழில் 4.0 (கணினி, ரோபோ சார்ந்த நவீன உற்பத்தி) தரத்துக்கு மாற்றப்பட்ட 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் ஆட்டோமேஷன் பிரிவைப் பார்க்கலாம். மின்வாகன மெக்கானிக் பிரிவும் அங்கே உண்டு. அது தனிப் பாதை. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பவர்களுக்குப் பொருந்தும்.

எந்த ஐ.டி.ஐ. என்றாலும் சேரும் முன் ஒர்க்‌ஷாப்பைக் காட்டச் சொல்லுங்கள். டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டர், மெகர், எம்சி4 கிரிம்பிங் டூல் இந்த மூன்றும் மாணவர் கைக்குக் கிடைக்கிறதா, கண்ணாடி அலமாரியில் இருக்கிறதா என்று பாருங்கள். கூரையில் இருக்கும் சோலார் மின்வாரிய லைனோடு இணைந்து ஓடுகிறதா, பேட்டரியோடு நிற்கும் மாதிரி மட்டுமா என்றும் கேளுங்கள். மாதிரி மட்டும் என்றால் அடுத்த ஐ.டி.ஐ.யைப் பாருங்கள்.