சிக்னோரெல்லியா மைக்கேலேஞ்சலோவா, ஆம்பள உடம்ப யாரு நல்லா வரைஞ்சது?

வாட்டிகன்ல சிஸ்டைன் சேப்பல் கூரையில மைக்கேலேஞ்சலோ வரைஞ்ச அந்த 20 நிர்வாண இளைஞர்கள எல்லாருக்கும் தெரியும், ஆனா இத்தாலியில ஓர்வியேட்டோ கதீட்ரல்ல லூக்கா சிக்னோரெல்லி 1499லருந்து 1504 வரைக்கும் வரைஞ்சத நிறைய பேரு பாக்குறதே இல்ல.

அது உலக முடிவு காட்சி, அங்க செத்தவங்க மண்ணுக்குள்ளருந்து கைய ஊன்றி மேல ஏறி வர்றாங்க, சிலர் இன்னும் வெறும் எலும்புக்கூடாவே நிக்கிறாங்க, பக்கத்து சுவர்ல பச்சையும் ஊதாவுமா பிசாசுங்க மனுஷங்கள கட்டி இழுக்குது, தோலு ரொம்ப மெல்லிசா இருக்கிற மாதிரி ஒவ்வொரு தசையும் தனித்தனியா தெறிச்சு நிக்கும். கொஞ்சம் மரக்கட்டை மாதிரின்னு சொல்றவங்களும் உண்டு, அது உண்மைதான்.

மைக்கேலேஞ்சலோ (கூரை 1508-1512) வேற ரகம். ஈரச்சுண்ணாம்பு காயறதுக்குள்ள வரைஞ்சு முடிக்கணும், அதுலயும் கழுத்த அண்ணாந்துகிட்டே, ஆனா உடம்பு திரும்புறப்ப இடுப்பும் தோளும் எதிர் எதிரா முறுக்கிக்கிற அந்த அசைவு இருக்கே, சதையோட கனமே தெரியும். அந்த பசங்களுக்கு கதையில வேலையே இல்ல, சும்மா அழகுக்கு உக்காந்திருக்காங்க.

ஆனா அதே சேப்பல் சுவர்ல அவர் பின்னாடி வரைஞ்ச 'இறுதித் தீர்ப்பு' ஓவியத்துல இருந்த நிர்வாணத்த 1565ல டானியேல ட வோல்தெர்ராங்கிற ஓவியர விட்டு துணி வரைஞ்சு மறைச்சாங்க, பாவம் அந்தாளுக்கு ட்ரவுசர்காரன்னு பட்டப்பேரே வந்துடுச்சு.

அழகுன்னா மைக்கேலேஞ்சலோ. பயம்னா என் ஓட்டு சிக்னோரெல்லிக்குத்தான், அந்த ஓவியங்கள மைக்கேலேஞ்சலோவே பாராட்டுனாருன்னு, அந்தக் கால ஓவியர்களோட வாழ்க்கைய எழுதின வசாரி எழுதி வச்சிருக்காரு.