இறங்கும் கதவருகே இன்னொரு கை வேண்டும்: சிங்கப்பூர்ப் பேருந்துக் கட்டணக் கருவிகளோடு என் நெடுநாள் அனுபவம்

சிங்கப்பூரின் பொதுப் பேருந்துகளில் பல ஆண்டுகளாக வேலைக்குப் போய் வருகிறேன். முடக்குவாதத்தால் வலது முழங்காலும் விரல் மூட்டுகளும் இறுகத் தொடங்கியதிலிருந்து கைத்தடியின்றி வெளியே செல்வதில்லை. பயண அட்டைகளைப் பற்றி வரும் மதிப்பீடுகள் பெரும்பாலும் எந்த அட்டை வேகமாகப் படிக்கப்படுகிறது, எதில் பணம் நிரப்புவது எளிது என்பதோடு முடிந்துவிடுகின்றன. அட்டையைப் படிக்கும் கருவி பேருந்துக்குள் எந்த இடத்தில், எந்த உயரத்தில் இருக்கிறது, அதை எட்டும் நேரத்தில் பயணியின் கைகள் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்பதை யாரும் எழுதக் காணோம். என் போன்றவர்களுக்கு அதுதான் முதல் கேள்வி.

ஏறுவதில் எனக்குப் பெரிய குறை இல்லை. முன்கதவின் இருபுறமும் கருவிகள் உள்ளன, பேருந்து நின்றுகொண்டிருக்கிறது, தளம் தாழ்வாக இருக்கிறது, ஓட்டுநர் நம்மைப் பார்க்கிறார். தடியை முழங்கையில் மாட்டிக்கொண்டு அட்டையை எடுத்துத் தட்டுவதற்கு அவகாசம் கிடைக்கிறது. பணப்பையிலிருந்து அட்டையை வெளியே எடுக்காமலேயே பலமுறை வேலை முடிந்துவிடும். நான் உட்காரும்வரை வண்டியை எடுக்காமல் காத்திருக்கும் ஓட்டுநர்களையும் நிறையவே பார்த்திருக்கிறேன்.

சிக்கல் இறங்கும்போது வருகிறது. இங்கே கட்டணம் பயணத் தொலைவைப் பொறுத்தது என்பதால் இறங்கும்போதும் அட்டையைத் தட்டியாக வேண்டும். தட்ட மறந்தாலோ தட்ட முடியாமல் போனாலோ, ஏறிய இடத்திலிருந்து அந்தப் பேருந்தின் கடைசி நிறுத்தம்வரை பயணம் செய்ததாகக் கணக்கிட்டுப் பணம் எடுக்கப்படும். அடுத்த பேருந்துக்கோ ரயிலுக்கோ மாறும்போது கிடைக்கும் தொடர்பயணக் கட்டணமும் இந்த இரண்டாவது தட்டலை நம்பியே இருக்கிறது. ஆக, ஏறும்போது தட்டுவதைவிட இறங்கும்போது தட்டுவதுதான் பயணிக்கு அதிக முக்கியம். ஆனால் அதைச் செய்ய வேண்டிய நேரமோ, நிறுத்தம் நெருங்கி, ஓட்டுநர் பிரேக்கை மிதித்து, உடல் முன்னால் சாயும் நேரம்.

என் வலக்கையில் தடி இருக்கும். இடக்கை கதவோரக் கம்பியைப் பிடித்திருக்கும். அட்டையைப் பிடிக்க மூன்றாவதாக ஒரு கை வேண்டும். போதாக்குறைக்கு, கருவி அதே கம்பியில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. தடுமாறும்போது கை தானாகத் தேடிப் போகும் உயரத்தில் கம்பிக்குப் பதிலாகக் கருவியின் வழவழப்பான பெட்டி இருக்கிறது. அதைப் பிடித்தால் பிடி நிற்காது. பிடித்தபடியே தட்டவும் முடியாது. கருவிக்கு மேலேயோ கீழேயோ கம்பியைப் பற்ற வேண்டும்: மேலே பற்றினால் தோள் வலிக்கிறது, கீழே பற்றினால் குனிய வேண்டியிருக்கிறது. ஒருமுறை அட்டையை நீட்டிய நேரத்தில் வண்டி குலுங்கி, தடி படிக்கட்டோரம் உருண்டு விழ, பின்னால் நின்ற மாணவி ஒருவர் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். தட்டாமலேயே இறங்கினேன். பிறகு விண்ணப்பித்து அதிகப்படிக் கட்டணத்தைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. தொகை சிறியதுதான். ஆனால் விழாமல் இருப்பதா, கட்டணத்தைச் சரியாகச் செலுத்துவதா என்று இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வைக்கும் அமைப்பு சரியான அமைப்பு ஆகாது.

பேருந்து முழுமையாக நின்ற பிறகு எழுந்திருங்கள் என்று எல்லோரும் அறிவுரை சொல்வார்கள். நானும் அப்படித்தான் செய்ய விரும்புகிறேன். நெரிசல் நேரத்தில் முன்னுரிமை இருக்கையிலிருந்து எழுந்து, நிற்பவர்களை விலக்கிக்கொண்டு, கருவியை அடைந்து, அது படிக்கும்வரை நின்று, பிறகு இறங்குவதற்குள் கதவு மூடத் தொடங்கிவிடுகிறது. அதனால் வயதானவர்கள் ஒரு நிறுத்தம் முன்பே எழுந்து, ஓடும் வண்டியில் கதவருகே போய் நிற்கிறார்கள். தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு தள்ளுபையோடு திரும்பும் பாட்டிகளை எந்தக் காலை வேளையிலும் இந்த நிலையில் காணலாம்.

இந்த ஏற்பாடு தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. 1990களில் டிரான்சிட்லிங்க் காந்த அட்டை இருந்தபோது, ஏறும்போதே அட்டையைப் பெட்டியில் செருகி, கட்டணத்துக்குரிய பொத்தானை அழுத்தினால் போதும். இறங்கும்போது எதுவும் செய்ய வேண்டியதில்லை. 2002இல், கருவியில் தட்டினாலே படிக்கப்படும் ஈசி-லிங்க் அட்டை வந்தபோதுதான் இறங்கும் கதவிலும் கருவி முளைத்தது. 2010 முதல் ரயிலையும் பேருந்தையும் சேர்த்துத் தொலைவுக்கு ஏற்பக் கட்டணம் என்றானபின் அதன் முக்கியத்துவம் இன்னும் கூடியது. தொலைவுக்கு ஏற்ற கட்டணம் நியாயமானது. மாறி மாறிப் பயணம் செய்யும் எனக்கு அதனால் இலாபமே. அந்த நியாயத்தை நடைமுறைப்படுத்தும் பெட்டியை எங்கே மாட்டுவது என்பதில் இன்னும் கவனம் வேண்டும் என்பதே என் கருத்து.

சக்கர நாற்காலியில் வருவோருக்கு நிலைமை வேறு. 2020 இறுதிக்குள் எல்லாப் பொதுப் பேருந்துகளும் சக்கர நாற்காலி ஏறக்கூடியவை ஆகிவிட்டன. ஓட்டுநர் இறங்கி வந்து, பின்கதவில் சாய்தளப் பலகையை விரித்து, பயணி ஏறியபின் மடித்துவிட்டுப் போகிறார். அந்தச் சில நிமிடங்கள் வண்டி அசையாது என்பதால் அட்டையைத் தட்டவும் அமைதியாக நேரம் கிடைக்கிறது. உட்கார்ந்த நிலையிலிருந்து கையை உயர்த்தித் தட்ட வேண்டியிருப்பது குறைதான். தோளில் வலுவில்லாதவருக்குப் பிறர் உதவி தேவைப்படும். ஆனாலும் அவருக்காக வண்டி நிற்கிறது. தடியோடு நடப்பவருக்கும், மூட்டுவலிக்காரருக்கும், ஆறு மாதக் கர்ப்பிணிக்கும், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வருபவருக்கும் அப்படி நிற்பதில்லை. ஓரளவு நடக்கக்கூடியவர்களைத்தான் இந்த வடிவமைப்பு மறந்திருக்கிறது.

கருவியின் திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈசி-லிங்க் போன்ற பழைய முறை அட்டையைத் தட்டினால் எடுக்கப்பட்ட கட்டணமும் மீதித் தொகையும் திரையில் தெரியும். கணக்கை அட்டையில் வைக்காமல் இணையத்தில் வைக்கும் புதிய சிம்ப்ளிகோ முறையில் அவை கருவியில் தெரியாது. கைப்பேசிச் செயலியில் பார்த்துக்கொள்ள வேண்டும். 2024 ஜனவரியில் பழைய அட்டைகளை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தபோது எழுந்த எதிர்ப்புக்கு இது முக்கியக் காரணம். இரண்டு வாரத்துக்குள் அம்முடிவு கைவிடப்பட்டு, பழைய முறையைத் தொடர 4 கோடி சிங்கப்பூர் வெள்ளி கூடுதலாக ஒதுக்கப்பட்டது. என் அம்மாவுக்கு அந்த மீதித் தொகை அவ்வளவு முக்கியம். வெயில் படும் பக்கத்தில் எழுத்து தெரியாமல், கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். அவர் திரையைப் படிக்கும் அந்த ஓரிரு நொடிகளும் கதவு மூடுவதற்கு முந்தைய நொடிகள்தாம் என்பதால், எழுத்தைப் பெரிதாக்குவதுகூட விழுவதைத் தடுக்கும் வேலைதான்.

நாங்கள் கண்டுகொண்ட வழிகள் எளியவை. அம்மாவின் சலுகை அட்டையை முதலில் கழுத்துப் பட்டையில் மாட்டினோம். பட்டையின் நீளம் போதாமல் கருவியை நோக்கிக் குனிந்தார், அது இன்னும் ஆபத்தாகப் போயிற்று. இப்போது இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் கயிற்றுச் சுருளில் மாட்டி, சட்டைப் பையோரம் குத்தியிருக்கிறோம். அட்டை கை நழுவினாலும் கீழே விழாது. எனக்கு ஈசி-சார்ம் எனப்படும் சிறு பொம்மை வடிவப் பயண அட்டை உதவுகிறது. இடது மணிக்கட்டில் கட்டிவிட்டதால், கம்பியைப் பிடித்த கையையே சற்று நகர்த்தித் தட்டிவிடுகிறேன். அண்மை ஆண்டுகளில் ஓடத் தொடங்கிய மூன்று கதவுப் பேருந்து வந்தால் எனக்கு மகிழ்ச்சி: இறங்க இரண்டு கதவுகள் இருப்பதால் முதுகுக்குப் பின்னால் நெருக்குபவர்கள் குறைவு.

கருவி வைக்கும் இடத்தைப் பற்றி எனக்கு ஒரே ஒரு கோரிக்கை உண்டு. முன்னுரிமை இருக்கையில் உட்கார்ந்தபடியே எட்டும் உயரத்தில் இன்னொரு கருவியைப் பொருத்த வேண்டும். இறங்கும் நிறுத்தத்துக்கு முன்பே தட்டிக் குறைந்த கட்டணம் செலுத்துவது விதிமீறல். கருவியை உள்ளே தள்ளி வைத்தால் அது பெருகும் என்று மறுப்பு வரலாம். கதவுகள் திறந்திருக்கும்போது மட்டும் அந்தக் கருவி அட்டையைப் படிக்கும்படி செய்துவிட்டால் அந்த அச்சம் தேவையில்லை. வண்டி நின்று, கதவு திறந்து, உட்கார்ந்த இடத்திலேயே தட்டியபின் எழுந்தால், கதவுவரை செல்லும் சில அடிகளுக்குத் தடிக்கு ஒரு கையும் கம்பிக்கு ஒரு கையும் கிடைத்துவிடும்.